மாமாவின் இரண்டு படங்கள்

அந்தமான் என்றதும் நம் மன்றத்து நண்பர்கள் கேட்கும் முதற் கேள்வி சிறைச்சாலையைப் பற்றியதாகவே இருக்கிறது. இரண்டாவது கேள்வி கடலைப் பற்றியது. மூன்றாவது, "அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்களா?" என்பது. இருக்கிறார்கள், நண்பர்களே. கடைவீதியில் நின்று "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருக்கிறார்கள். என் பாட்டனார் இராமநாதபுரச் சீமையிலிருந்து காட்டு இலாகா வேலைக்குக் கப்பலேறியவர். அவருடைய மகனாகிய என் தாய்மாமன், நடு அந்தமானில் ரங்கத் என்னும் ஊருக்கு அருகே சிறிய தென்னந்தோப்பு ஒன்று உடையவர்.

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, சிறைச்சாலையைப் பற்றி எழுதத்தான் அமர்ந்தேன். எழுத்து ஓடவில்லை. என் பெட்டியின் அடியில் இரண்டு பெரிய உறைகள் கிடக்கின்றன. இரண்டிலும் கருநிற பிலிம்கள். இரண்டும் என் மாமாவின் முதுகை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள். ஒன்று 2016-இல் எடுத்தது. மற்றொன்று 2017-இல் எடுத்தது. அவற்றை விட்டுவிட்டு வேறொன்றை எழுத மனம் ஒப்பவில்லை.

அந்தமானில் மழை மே மாதத்தின் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். 2016-ஆம் ஆண்டு மே மாதக் கடைசி. எனக்கு வயது 15. பள்ளி விடுமுறைக்குத் தோப்பு வீட்டுக்குச் சென்றிருந்தேன். இரண்டு நாள் மழைக்குப்பின் வெயில் எட்டிப் பார்த்தது. மரம் இன்னும் காயவில்லை, நாளை ஏறலாம் என்று அத்தை சொன்னார். மாமா கேட்கவில்லை. தேங்காய் விழும் ஓசை எனக்குப் பழக்கமானது. அன்று கேட்டது அந்த ஓசை அன்று.

நான் ஓடிச் சென்றபோது மாமா மல்லாந்து கிடந்தார். நினைவு இருந்தது. அழவும் இல்லை. "மாப்பிள்ளை, என் காலு எங்கேடா இருக்கு?" என்று கேட்டார். கால்கள் இரண்டும் என் கண்முன்னேதான் கிடந்தன.

அதன்பின் நான் செய்தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அக்குள்களில் கைகொடுத்து நான் தூக்கினேன். பக்கத்துத் தோப்புக்காரர் கால்களைப் பிடித்தார். நடுவுடல் தூளிபோலத் தொய்ந்தது. தண்ணீர் கேட்டார் என்று நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுத்தேன். பிறகு ஜீப்பின் பின்னிருக்கையில் முழங்காலை மடக்கிக் கிடத்தி ரங்கத் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்தவர்கள் உடனே அவரைப் பலகைமேல் மாற்றிப் பட்டைகளால் கட்டினார்கள். எங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. முதுகு அடிபட்டவரை நான்கைந்து பேர் சேர்ந்து, தலையும் கழுத்தும் இடுப்பும் ஒரே கோட்டில் நிற்குமாறு, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல ஒருசேரப் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். உட்கார வைக்கவே கூடாது. இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். தோப்பில் பலகைக்கா பஞ்சம்?

ரங்கத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட எங்கள் தலைநகருக்கு, சாலைவழி ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தூரம் பெரிதன்று, வழிதான் பெரிது. அன்றைய வழியில் இரண்டு இடங்களில் கடற்காலைப் படகில் கடக்க வேண்டும். ஊர்தியையே படகில் ஏற்றுவார்கள். ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் செல்லும் பகுதியில் குறித்த நேரங்களில் மட்டுமே ஊர்திகளை வரிசையாக விடுவார்கள். அம்மக்களின் நலனுக்காக அமைந்த விதி அது; அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆம்புலன்சு ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்போது, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த அந்த ஒரு பகல் எனக்கு ஓர் ஆண்டாயிற்று. தலைநகரில் எக்ஸ்-ரே எடுத்தார்கள். எலும்பு நொறுங்கியிருக்கிறது, அறுவைக்குச் சென்னை செல்லுங்கள் என்றார்கள். கப்பலில் என்றால் மூன்று நாள். கிடந்த நிலையிலேயே விமானத்தில் கொண்டு சென்றோம்.

முதற்படம் சென்னையில் எடுக்கப்பட்டது. மார்பு முள்ளெலும்புகள் 12. அவற்றுள் பத்தாவது நொறுங்கிப் பின்பக்கமாகத் துருத்தித் தண்டுவடத்தை நெருக்கியிருந்தது. அறுவை செய்து, நெருக்கத்தை நீக்கி, திருகாணிகளும் கம்பிகளும் வைத்து எலும்பை நிலைநிறுத்தினார்கள். வெளியே நின்ற எங்களிடம், "தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது" என்று சொன்னார்கள். அது உண்மையான சொல்தான். ஆனால் நாங்கள் அதைக் கேட்ட விதம் வேறு. அறுபடவில்லை என்றால் இருக்கிறது என்றுதானே பொருள்? இருக்கிறது என்றால் நாளடைவில் சரியாகும் என்றுதானே பொருள்? நான் மாமாவின் காதருகே குனிந்து, "பொங்கலுக்குள் நடந்துவிடுவீர்கள், மாமா" என்றேன். அந்தச் சொல்லை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே உண்டாக்கிக் கொடுத்தேன்.

பொங்கல் வந்தது. போயிற்று.

இங்கே சிறிது பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு வடம். நீளம் ஏறத்தாழ 45 செண்டிமீட்டர். அதற்குள் இலட்சக்கணக்கான நரம்பிழைகள் செல்கின்றன. சில மூளையிலிருந்து கட்டளையைக் கீழே கொண்டு செல்வன. சில காலிலிருந்து உணர்ச்சியை மேலே கொண்டு செல்வன. வடம் கத்தியால் அறுபடுவது அருமை. அது நசுங்கும், உறை முழுதாக இருக்க, உள்ளே இழைகள் சிதையும். வெளியே பார்த்தால் வடம் இருக்கும். உள்ளே வழி இராது.

இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதை 1850-இலேயே ஆங்கில நாட்டு அறிஞர் அகஸ்டஸ் வாலர் கண்டு சொன்னார். தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பால் என்ன நிகழ்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார். ஒவ்வோர் இழைக்கும் உயிர்கொடுக்கும் அணு ஒன்று உண்டு. அந்த அணுவை விட்டுப் பிரிந்த பகுதி சிதைந்து அழிகிறது. வேரைப் பிரிந்த கொடி வாடுவதுபோல. இன்றும் அதற்கு வாலர் சிதைவு என்றே பெயர். கட்டளை இழையின் வேர் மூளையில் இருக்கிறது. எனவே காயத்துக்குக் கீழே உள்ள பகுதி வாடும். உணர்ச்சி இழையின் வேர் காயத்துக்குக் கீழே, தண்டுவடத்தின் அருகில் இருக்கிறது. எனவே காயத்துக்கு மேலே உள்ள பகுதி வாடும். கைகால்களில் ஓடும் நரம்பில் இந்தக் குப்பை சில வாரங்களில் அகற்றப்பட்டு, புதிய இழை வளரவும் வழி உண்டாகும். தண்டுவடத்துக்குள்ளோ குப்பை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காயம் பட்டது ஒரு நொடியில். வாடுதல் நின்று நிதானமாக நடக்கிறது.

உயிரோடு இருப்பவரின் முதுகைத் திறக்காமல் இதைப் பார்ப்பது எப்படி? எக்ஸ்-ரேயில் எலும்புதான் தெரியும். எம்.ஆர்.ஐ. என்பதோ உடலில் உள்ள நீரைப் பேச வைக்கும் கருவி. நான் இயற்பியல் மாணவன். இதைச் சொல்லும்போது எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டாவதை மறைக்க முடியவில்லை. நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். மருத்துவமனைகளில் பெரும்பாலும் காணும் 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அதில் ஆளைக் கிடத்தி, 64 மெகாஹெர்ட்ஸ் அளவில் வானொலி அலையை விட்டு நிறுத்தினால், கருக்கள் அதிர்ந்து மெல்ல அடங்கும்போது தாமும் அலை எழுப்புகின்றன. கொழுப்பில் ஒரு மாதிரி, தடையற்ற நீரில் ஒரு மாதிரி. அந்த வேறுபாடே படமாகிறது. 1946-இல் புளோக்கும் பர்செலும் கண்டறிந்த அடிப்படை இது. 1973-இல் லாட்டர்பர் இதைப் படமாக்கிக் காட்டினார். அவருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபெல் பரிசு கிடைத்தது. உள்ளே கிடந்த மாமாவுக்கு இவையெல்லாம் தெரியாது. "சம்மட்டியால் அடிக்கிற மாதிரி சத்தம் மாப்பிள்ளை, இந்தக் கருவியை ஓட்டுகிறவன் கொல்லனாகத்தான் இருக்கணும்" என்றார்.

2017 தொடக்கத்தில் ஒரு புதிய ஆசை எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. பெருநகர் ஒன்றிலிருந்து யாரோ அத்தையிடம் தொலைபேசியில் பேசினார்கள். ஸ்டெம் செல் என்னும் மூல அணுக்களை ஊசிவழி முதுகில் செலுத்தினால் புதிய நரம்பு முளைக்கும் என்றார்கள். மூன்று ஊசி. அவர்கள் கேட்ட தொகை, தோப்பை விற்றால் ஏறக்குறையக் கைக்கு வரக்கூடிய தொகை. அத்தை ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. "தோப்பு போனால் போகட்டும் ராசா, ஆள் எழுந்து நின்றால் போதும்" என்றார். அந்தத் தாயுள்ளத்தைக் குறை சொல்ல என்னால் ஆகாது. மாமா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோப்பு அவர் தந்தையின் வியர்வை அல்லவா?

ஊசிக்காரர்கள் புதிய படம் ஒன்று எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். 2017 ஜூலையில், விழுந்த 14-ஆம் மாதம், சென்னையில் இரண்டாவது படம் எடுத்தோம். ஆனால் படத்தை அவர்களிடம் கொண்டு செல்லுமுன், முன்பு அறுவைக்குப்பின் மாமாவைக் கவனித்த மருத்துவர் ஒருவரிடம் நானும் அம்மாவும் சென்றோம். இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் அருகருகே மாட்டினார். எங்களை உட்காரச் சொல்லாமல், அருகில் வந்து பார்க்கச் சொன்னார். அதற்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

காயம்பட்ட இடத்தில் திருகாணிகளின் உலோகத்தால் படம் கொஞ்சம் கலங்கியிருந்தது. அங்கே முதலில் பார்க்கவேண்டாம் என்றார். விரலை மேலே, காயத்துக்கு ஒரு சாண் மேலே கொண்டு சென்றார். முதற்படத்தில் அங்கே வடம் சீரான சாம்பல் நிறமாக இருந்தது. இரண்டாவது படத்தில் அதன் பின்பகுதியில் ஆப்பு வடிவில் ஒரு வெண்மை. வடமும் சற்று மெலிந்திருந்தது. "அடி அங்கே; வாட்டம் இங்கே" என்றார். இழையைச் சுற்றிய கொழுப்புறை சிதைந்து, அந்த இடத்தில் நீர் மிகுந்தால் படத்தில் வெண்மையாகத் தெரியும். காயத்துக்குக் கீழேயோ வெண்மை பக்கங்களில் இருந்தது. அது கட்டளை இழைகளின் பாதை. வாலர் தவளையின் நாக்கில் கண்டதை நான் என் மாமாவின் முதுகில் கண்டேன். இறந்தவர்களின் தண்டுவடத்தைப் படமெடுத்துப் பின் நுண்ணோக்கியிலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. அடிபட்டு ஏழு வாரங்களுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த வெண்மையைப் படத்தில் காணமுடிந்தது என்பது அதன் முடிவு.

பிறகு காயத்துக்கே விரலை இறக்கினார். உள்ளே நீர் நிறைந்த ஒரு குழி. அதன் முன்விளிம்பில், கலக்கத்துக்கு நடுவே, நூல்போல ஒரு கரிய கோடு. எஞ்சிய இழைகளின் பாலம் அது. அதன் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் மீட்சி எதிர்பார்க்கலாம் என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. மாமாவின் பாலம் மிக ஒல்லி. இடது தொடையில் மட்டும் தொட்டால் ஏதோ உணர்ச்சி தெரிகிறது என்று அவர் சொல்லிவந்தது இதனாலாக இருக்கலாம். ஆனால் மருத்துவர் அங்கேயும் எச்சரித்தார்: "படத்தை மட்டும் பார்த்து ஒரு மனிதனுக்குச் சாதகம் கணிக்காதீர்கள். குண்டூசியும் பஞ்சும் கொண்டு தொட்டுப் பார்த்த குறிப்புதான் முதல். படம் அதற்குத் துணை."

அத்தையின் ஊசியைப் பற்றி அம்மா கேட்டார். அவர் சினம் கொள்ளவில்லை. "அவர்கள் ஊசி போட்ட நோயாளிகளின் முன்படமும் பின்படமும், அளந்து எழுதிய கணக்கோடு இருந்தால் காட்டச் சொல்லுங்கள், அம்மா" என்றார். நானே தொலைபேசியில் கேட்டேன். அவர்கள் குணமானவர்களின் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். படம் கேட்டேன். தவணை முறையில் பணம் கட்டலாம் என்றார்கள். மறுபடியும் படம் கேட்டேன். அதன்பின் அவர்கள் எங்களை அழைக்கவில்லை. தோப்பு பிழைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு ஏற்கப்பட்ட முறை தவிர, மூல அணு மருத்துவத்தை முறையான ஆய்வுக்குள்தான் செய்யலாம், விலைக்கு விற்கலாகாது என்றே கூறுகின்றன. இதைப் பின்னாளில்தான் படித்தேன்.

அந்த மருத்துவர் கேட்ட கேள்வியின் ஆழம் எனக்குக் கல்லூரிக்கு வந்தபின்தான் விளங்கிற்று. 2013-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த ஒரு கட்டுரையை நம் நூலகக் கணிப்பொறியில் படித்தேன். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துப் பல்கிரிஸ்ட் மருத்துவமனையைச் சேர்ந்த பாட்ரிக் ஃபிராய்ண்டும் அவர் தோழர்களும், தண்டுவடம் புதிதாக அடிபட்ட 13 பேரையும் நலமுள்ள 18 பேரையும் தொடக்கத்திலும், 2, 6, 12 மாதங்களிலும் எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். காயத்தை அன்று, காயத்துக்கு மேலே கழுத்திலுள்ள வடத்தையும், மூளையையும். ஓராண்டுக்குள் கழுத்தில் வடம் மெலிந்துகொண்டே வந்தது. மூளையில் அசைவுக்குரிய பகுதியும் சுருங்கியது. வேர் இருக்கும் பக்கமும் வாடுகிறது என்பது இதன் பொருள். வாலர் சொன்னதற்கு மேலும் ஒரு படி. மெலிவு குறைவாக இருந்தவர்கள் அன்றாட வேலைகளில் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். 13 பேர் என்பது சிறு கூட்டந்தான். ஆயினும் வாட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க முடியும் என்றால், எந்த மருந்து உண்மையிலேயே அதைத் தடுக்கிறது, எது தடுப்பதாகப் பேசுகிறது என்று பிரித்துவிடலாம் அல்லவா? நோயைத் தீர்க்காத கருவி என்று நான் ஒரு காலத்தில் வெறுத்த எம்.ஆர்.ஐ., பொய்யை அளக்கும் கோலாகவும் இருக்கிறது. பொங்கலுக்குள் நடந்துவிடுவீர்கள் என்ற என் பொய்யும் அந்த விளக்குப் பெட்டியின் முன்தான் முடிந்தது.

மாமாவிடம் யார் சொல்வது? அம்மா அழுதார். அத்தை வேண்டாம் என்றார். கடைசியில் நான் இரண்டு படங்களையும் அவர் படுக்கையருகே சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மருத்துவர் காட்டிய வரிசையிலேயே காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இந்தக் கறுப்புக் கோடுதான் மிச்சமா?" என்றார். ஆம் என்றேன். "பதினாலு மாசமா ஒவ்வொரு காலையும் கால் விரல் அசையுதான்னு பார்த்துத்தான் கண் விழிக்கிறேன்டா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், சக்கர நாற்காலி என்ன விலை இருக்கும் என்று கேட்டார்.

அவ்வாண்டின் இறுதியில் வேலூருக்கு மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சென்றார். சிறுநீரைத் தாமே குழாயிட்டு வெளியேற்றவும், புண் வராமல் உடம்பைத் தூக்கி மாற்றிக்கொள்ளவும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவவும் அங்கே கற்றார். அந்தப் பயிற்சிக்கு வேலூரில் வித்திட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானவர். அவர் காலத்தில் எம்.ஆர்.ஐ. இல்லை. குண்டூசியும் பஞ்சும் காத்திருத்தலுமே இருந்தன. மாமா அவர் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்குப் படமே வேண்டியிருக்கல. எனக்கு ரெண்டு படம் வேண்டியிருந்துச்சு" என்று சிரித்தார்.

இப்பொழுது ரங்கத் சாலையோரம் மாமாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்.

ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அந்தப் படங்களை நான் இத்தனை ஆண்டு பெட்டியில் சுமப்பதற்குக் காரணமும் அதுதான். விழுந்தபோது எத்தனை இழை அறுந்தது? நான் தூக்கியபோது எத்தனை? உட்கார வைத்தபோது எத்தனை? இயற்பியல் படிக்க வந்ததே இதற்கு விடை கிடைக்கும் என்ற எண்ணத்தால்தானோ என்று சில வேளை தோன்றுகிறது. அறிந்தவர்களைக் கேட்டுவிட்டேன். படம் எடுத்த நாளில் வடம் எப்படி இருந்தது என்பதைத்தான் படம் சொல்லும். அதற்கு முந்திய மணிகளை அது பிரித்துக் காட்டாது. இனி வரப்போகும் எந்தக் கருவியும் அந்தப் பழைய பிலிமிலிருந்து அதைப் பிழிந்தெடுக்கப் போவதில்லை.

சென்ற விடுமுறையில், கடை அடைத்தபின், மாமாவிடம் இதைச் சொல்லிவிட்டேன். தூளிபோலத் தொய்ந்ததையும் தண்ணீர் கொடுத்ததையும் சொன்னேன். அவர் கல்லாப் பெட்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டார்.

"அது அந்தப் படத்துல தெரியுமா?"

"தெரியாது, மாமா."

"எனக்கும் தெரியாது. அந்தத் தண்ணி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. விளக்கை அணை."

கடையின் பின்சுவரில் ஆறடிப் பலகை ஒன்றும், நான்கு பட்டைகளும் சாத்தியிருக்கின்றன. விற்பனைக்கு அல்ல. மாமா வேலூரிலிருந்து திரும்பிய ஆண்டே செய்து வைத்தாராம். எனக்குத்தான் அதுவரை கண்ணில் படவில்லை. இதுவரை ஒருமுறை எடுத்துச் சென்றிருக்கிறார்கள், பாக்கு மரத்திலிருந்து விழுந்த ஒரு பையனுக்காக. அவனுக்கு இடுப்பெலும்பு மட்டுமே முறிந்திருந்தது.